பேட்ச் நம்பர் இல்லாத அமுதம்

ஆறு வயசில் ஒரு முழு பாட்டில் கிரைப் வாட்டரைக் குடித்திருக்கிறேன். பசியால் இல்லை, இனிப்புக்கு ஆசைப்பட்டும் இல்லை. குழந்தையாகிவிடலாம் என்று.

மும்பை தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சாலில் (வரிசையாகச் சின்ன அறைகள் உள்ள கட்டடம்) அப்போது எங்களுக்கு ஒரே அறை. தம்பி பிறந்து நாற்பது நாள் இருக்கும். அவனைப் பார்த்துக்கொள்ள நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஆச்சி ரயிலேறி வந்திருந்தாள். குழாயில் தண்ணீர் வரும் காலை நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்த அறையில் அவன்தான் ராஜா. ஆச்சி உரைகல்லில் வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு என்று ஒவ்வொன்றாக இரண்டு இழுப்பு இழுத்து, தாய்ப்பாலில் குழைத்து அவன் நாக்கில் தடவுவாள். சாயங்காலம் மெடிக்கலில் வாங்கிய கிரைப் வாட்டர், ஒரு பாலாடை. குடித்ததும் அழுகை நிற்கும். அம்மா தூக்கித் தோளில் போட்டுக்கொள்வாள். நான் அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆறு வயசு மூளைக்குக் கணக்கு சுலபமாகப் பிடிபட்டது: இதைக் குடிக்கிறவன் குழந்தையாக இருக்கிறான், குழந்தையாக இருக்கிறவனை அம்மா தூக்குகிறாள்.

சாட்சியும் கையில் இருந்தது. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையிலிருந்து அப்பா பழைய அம்புலிமாமா வாங்கி வருவார். ராத்திரி அவர் படிக்கப் படிக்க நான் படம் பார்ப்பேன். முனிவர் ஒருவர் கமண்டலத் தண்ணீரைக் கொடுத்தால் கிழவன் குமரனாவான், தெளித்தால் ராஜகுமாரி கிளியாவாள். கமண்டலத்துக்கும் கண்ணாடி பாட்டிலுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குடித்தேன். சதகுப்பை வாசம், தித்திப்பு, கடைசியில் நாக்கில் சோடா உப்பின் வழவழப்பு. குடித்துவிட்டுக் கையை முகத்துக்கு நேரே நீட்டி, விரல்கள் சிறுத்து வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

ஆச்சிதான் கண்டுபிடித்தாள். காலி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, பச்சப்புள்ள குடிக்கத குடிச்சா பச்சப்புள்ள ஆயிருவியோ? அப்ப ஒங்கப்பன் சாயாவக் குடிச்சிட்டு நாளைக்கு வேலைக்குப் போயேன்" என்றாள். அம்மாவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ராத்திரி வாந்தி எடுத்துவிடுவேனோ என்று என்னை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பியை ஆச்சி வைத்துக்கொண்டாள்.

ஆக, மருந்து வேலை செய்தது. ஒரே ஒரு ராத்திரிக்கு.

இப்போது நான் பிழைப்புக்காகச் செய்வது சிரப் சோதனை. செம்பூரில் ஹார்பர் லைன் பிடித்து, வாஷியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் துர்பே. அங்கே ஒரு மருந்துக் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். தினமும் பாட்டில்கள் வரும். நிறம், மணம், தெளிவு, அமிலத்தன்மை பார்க்க வேண்டும். லேபிளில் ஐந்து மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அத்தனை இருக்கிறதா என்று மெஷினில் ஏற்றிப் பார்க்க வேண்டும். இருக்கக் கூடாதது எதுவும் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். பாஸ் ஆன ஒவ்வொரு பேட்ச்சிலும் சில பாட்டில்களைக் கண்ட்ரோல் சாம்பிள் அறையில் அடுக்கி, காலாவதித் தேதி தாண்டியும் கொஞ்ச காலம் பத்திரமாக வைத்திருப்போம். நாளைக்கு எங்காவது ஒருவர் புகார் சொன்னால், எடுத்துப் பார்க்க ஒரு சாட்சி வேண்டுமே.

இந்த வேலைக்கு வந்த பிறகு மாயக் கதைகளை வாசிக்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. மகளுக்கு ஒன்பது வயசு. ராத்திரி அவளுக்குப் படித்துக் காட்டும்போது கதையில் யாராவது ஒரு குப்பியைத் திறந்தால் போதும், என் காது விடைத்துக்கொள்ளும். லேபிள் எங்கே? அளவு எவ்வளவு? யார் செய்தது?

ஆலிஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1865-ல் வந்த புத்தகம். முயல் வளைக்குள் விழுந்த பெண், மேசை மேல் ஒரு பாட்டிலைப் பார்க்கிறாள். கழுத்தில் 'என்னைக் குடி' என்று ஒரு சீட்டு. அவள் உடனே குடிப்பதில்லை. 'விஷம்' என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். எழுதியில்லை. சரி என்று குடித்துவிடுகிறாள். செர்ரிப் பணியாரம், கஸ்டர்டு, அன்னாசி, வறுத்த வான்கோழி, டாஃபி, வெண்ணெய் தடவிய சூடான ரொட்டி எல்லாம் ஒன்றாகக் கலந்த ருசி. பத்து அங்குலமாகச் சுருங்கிவிடுகிறாள். நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மகளுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். விஷம் என்று எழுதாதது எல்லாம் விஷம் இல்லை என்று ஆகாது, ருசியாக இருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும், இத்யாதி. "அரே அம்மா, அவ சின்னதா ஆயிட்டா, அத படி" என்றாள்.

நான் ஏன் அப்படிப் பதறுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் துறையில் வேலைக்குச் சேரும் எல்லாரும் கேட்கும் முதல் கதை ஒன்று உண்டு. 1937, அமெரிக்கா. சல்ஃபனிலமைட் அப்போது புது மருந்து. மாத்திரையாகவும் தூளாகவும் நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்குத் திரவமாக இருந்தால் நல்லது என்று ஒரு கம்பெனி அதை டைஎதிலீன் கிளைக்கால் என்ற திரவத்தில் கரைத்து, ராஸ்ப்பெர்ரி வாசம் சேர்த்து, 'எலிக்ஸிர்' என்று பேர் வைத்து விற்றது. விற்பதற்கு முன் ருசி பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், வாசம் பார்த்தார்கள். நஞ்சா என்று மட்டும் பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள், நிறையக் குழந்தைகள். இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. மருந்து பாதுகாப்பானதா என்று சோதித்துத்தான் விற்க வேண்டும் என்று அந்த நாட்டில் அப்போது சட்டமே கிடையாது. கடைசியில் கம்பெனி மேல் சுமத்த முடிந்த குற்றம், பேரைத் தப்பாகப் போட்டது. எலிக்ஸிர் என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டுமாம், இதில் ஆல்கஹால் இல்லையாம்! அடுத்த வருஷம் சட்டம் வந்தது.

எலிக்ஸிர் என்பது அரபு ரசவாதிகளின் 'அல்-இக்ஸிர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஈயத்தைப் பொன்னாக்கும், கிழவனைக் குமரனாக்கும் என்று அவர்கள் தேடிய சரக்கு. நம் சித்தர்கள் பேசிய காயகற்பத்துக்கு அங்காளி பங்காளி. அந்தப் பேரை ஒட்டிய பாட்டில்தான் அத்தனை பேரைக் கொன்றது. தூரத்துக் கதை என்றும் விட முடியாது. 1986-ல் இதே மும்பையில், அதே டைஎதிலீன் கிளைக்கால் கலந்த கிளிசரினால் ஆஸ்பத்திரியில் 14 பேர் இறந்தார்கள். இன்றைக்கும் கிளிசரின் டிரம் ஒன்று எங்கள் வாசலுக்கு வந்தால் நான் தேடும் முதல் பெயர் அதுதான்.

இதனாலேயோ என்னவோ, எப்போதும் தவறாமல் வேலை செய்யும் மாயப் பானம் எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டுக்காரர் மொபைலில் ஒரு விளையாட்டு ஆடுவார். சிவப்பு பாட்டிலைத் தொட்டால் உயிர் ஏறும், நீலத்தைத் தொட்டால் மந்திர சக்தி ஏறும். ஆயிரம் தடவை தொட்டாலும் அதே அளவு ஏறும். அது குழாய்த் தண்ணீர். (தாராவிக் குழாயைச் சொல்லவில்லை. அதற்குக்கூட வரும், வராது என்று ஒரு கதை உண்டு.) கதைக்காரர் குறையை எங்கே கொண்டுபோய் வைக்கிறார் என்றுதான் நான் பார்ப்பேன்.

அந்தக் கணக்கில் என் ஓட்டு ஸ்டீவன்சனுக்கு. டாக்டர் ஜெகில் ஒரு மருந்தைக் குடித்து மிஸ்டர் ஹைடாக மாறுவார் என்று எல்லாருக்கும் தெரியும். படம், கார்ட்டூன், மேடை நாடகம் என்று எதையாவது பார்த்திருப்போம். நானும் அப்படித்தான் தெரிந்துவைத்திருந்தேன், புத்தகத்தைத் தொட்டதில்லை. முனிசிபல் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவளுக்கு 1886-ன் இங்கிலீஷ் என்றால் கொஞ்சம் நடுக்கம்தான். மூன்று வருஷம் முன்னால், ரயிலின் லேடீஸ் டப்பாவில் தினம் பத்துப் பக்கமாகப் படித்தேன். மருந்து கலக்கும் காட்சி வரும்போதே நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிவந்த திரவத்தில் ஹைட் வெள்ளை உப்பைப் போடுகிறான். நிறம் பளிச்சென்று ஆகிறது, நுரைக்கிறது, ஆவி கிளம்புகிறது, சட்டென்று கருஊதா, பிறகு மெல்ல மெல்ல வெளிறிய பச்சை. எங்கள் படிவத்தில் 'தோற்றம்' என்ற கட்டத்தில் இதையெல்லாம் எழுத இடம் போதாது.

கடைசியில் ஜெகிலின் வாக்குமூலம். கைவசமிருந்த உப்பு தீர்ந்துவிடுகிறது. புதிதாக வாங்கிக் கலக்குகிறார். நுரைக்கிறது, முதல் நிறம் மாறுகிறது, அடுத்த நிறம் மாறவில்லை. குடித்தால் ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்காரரை லண்டன் முழுக்க அனுப்பித் தேடுகிறார். புதுச் சரக்கு கலப்படம் என்றுதான் முதலில் நினைக்கிறார். பிறகு புரிகிறது. கலப்படம் இருந்தது முதலில் வாங்கியதில்தான். என்னவென்றே தெரியாத அந்த அழுக்குதான் இத்தனை நாளும் மருந்தாக வேலை செய்திருக்கிறது. சுத்தமான உப்பு வெறும் உப்பு.

மான்குர்து தாண்டி ரயில் கழிப் பாலத்தில் ஏறிய நேரம் அது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிர் சீட்டில் மடியில் பையை விரித்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "க்யா ஹுவா?" என்றாள். எப்படிச் சொல்வது? ஒரு டாக்டர் கண்ட்ரோல் சாம்பிள் எடுத்து வைக்காததால் செத்துப்போகப் போகிறார் என்று சொன்னேன், எனக்குத் தெரிந்த ஹிந்தியில். "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.

சிரித்தது வாஷி வரைக்கும்தான். பிறகு வேறொன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு இருமல் சிரப்பின் வரைபடத்தில், இருக்க வேண்டிய பீக்குக்கு (மெஷின் வரையும் கூம்புக்கு) பக்கத்தில் சின்னதாக இன்னொரு பீக் எழுந்தது. கடுகளவு. மறுபடி ஓட்டினால் மறுபடி அதே கடுகு. பேட்ச் மொத்தமும் நிறுத்தப்பட்டது. இரண்டு நாள் எல்லார் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசியில் பார்த்தால் சிரப்பில் ஒன்றுமே இல்லை. முந்தின நாள் வேறு மருந்துக்குப் பயன்படுத்திய குடுவையை நான் சரியாகக் கழுவவில்லை. மேலதிகாரி திட்டவில்லை, அது இன்னும் மோசம். விசாரணைப் படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் என் கைப்பட எழுதச் சொன்னார். எழுதினேன். 'குடுவை.'

அதனால் ஹாரி பாட்டரின் இரண்டாம் புத்தகத்தில் ஹெர்மயனி கதவைத் திறக்காமல் உள்ளேயே இருக்கும்போது என் மகள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொரு ஆளாக மாறும் பாலிஜூஸ் கஷாயம். அதற்கு லேஸ்விங் பூச்சியை 21 நாள் வேக வைக்க வேண்டும், பௌர்ணமியில் பறித்த செடி வேண்டும், பாம்புத் தோல் வேண்டும். அந்தப் பெண் ஒரு மாசம் பள்ளிக் கழிப்பறையில் ஒளித்துவைத்து எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் செய்கிறாள். கடைசியில் போட்ட ஒரு முடி, மனுஷ முடி இல்லை, பூனை முடி. முகமெல்லாம் ரோமம், வால் வேறு. பாவம், பீக் எழுந்துவிட்டது.

ரோல்ட் டாலின் ஜார்ஜ் கதையும் இதே வழிதான், ஆனால் குறும்பு அதிகம். சிடுசிடுக்கும் பாட்டிக்கு வீட்டிலிருந்த கண்ட கண்ட சாமான்களையும் கொட்டி ஒரு பையன் மருந்து காய்ச்ச, பாட்டி கூரையைப் பிய்த்துக்கொண்டு வளர்கிறாள். அப்பாவுக்கு ஆசை வந்து அதையே மறுபடி செய்யப் பார்க்கிறார். என்ன போட்டோம் என்று பையனுக்கு முழுசாக ஞாபகமில்லை. நாலாவது பானையில் செய்ததைப் பாட்டி டீ என்று குடித்து, சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போகிறாள். மகள் இதை ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "யாருமே அழல" என்றாள். எழுதி வைத்துக்கொண்டு செய்திருந்தால் பாட்டி பிழைத்திருப்பாள் என்பது என் கட்சி. அதற்கு மேல் போகவில்லை, அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது.

நம் கதைகளில் மட்டும் என்ன, குறைச்சலா? கசன் கதையைச் சொன்னேன். மகாபாரதத்தில் ஆதிபர்வத்தில் வருவது. செத்தவரை எழுப்பும் மந்திரத்தைக் கற்க தேவர்கள் பக்கத்திலிருந்து சுக்கிராச்சாரியாரிடம் மாணவனாக வந்தவன். அசுரர்கள் அவனை இரண்டு தடவை கொன்று பார்க்கிறார்கள், குரு இரண்டு தடவையும் எழுப்பிவிடுகிறார். மூன்றாம் தடவை எரித்துச் சாம்பலாக்கி, மதுவில் கலந்து குருவுக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவரும் ஒரு வாய் விடாமல் குடித்துவிடுகிறார். வயிற்றுக்குள்ளிருந்து சீடன் பேசுகிறான்! குரு அவனுக்கு அங்கேயே மந்திரத்தைச் சொல்லிக்கொடுக்க, அவன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, செத்த குருவை அதே மந்திரத்தால் எழுப்புகிறான். எழுந்தவர் இனி எந்தப் பிராமணனும் மது குடிக்கக் கூடாது என்று விதி செய்கிறார். உலகத்தின் முதல் பேட்ச் ரீகால், அதாவது விற்ற மருந்தைத் திரும்பப் பெறுவது, இதுதான் என்று எங்கள் லேபில் ஒரு தடவை சொன்னேன். குஜராத்திக்காரி ஒருத்திதான் சிரித்தாள்.

ராகு கதையில்தான் மகளிடம் மாட்டிக்கொண்டேன். அமுதம் தொண்டையில் இறங்கும்போதே விஷ்ணுவின் சக்கரம் கழுத்தை வெட்டிவிட்டது, அதனால் தலைக்குச் சாவில்லை, அதுதான் ராகு, உடம்பு கேது என்று ஆச்சி எனக்குச் சொன்ன மாதிரியே அவளுக்குச் சொன்னேன்.

"தொண்டைக்குக் கீழ போகவே இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப கேது எப்படி உயிரோட இருக்காரு?"

ஆச்சி கிரகண நாளில் எங்களைப் பட்டினி போட்டு இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பாள்! ஒரு தடவையாவது எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. எடுத்துப் பார்த்தேன். மகாபாரதத்தில் சாகாதது தலை மட்டும்தான். முண்டம் பூமி அதிர விழுந்ததோடு சரி. உடம்பும் கேதுவாகி வானத்துக்குப் போனது பின்னால் வந்த புராணங்களின் வேலை. அதாவது பழைய பதிப்பில் மருந்து போன இடம் வரைக்கும்தான் வேலை செய்திருக்கிறது. அந்தக் கதைக்காரரை எங்கள் லேபில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படி ராத்திரி ராத்திரி பேசியதற்கு எனக்குக் கிடைத்த பலன் இந்த ஜூனில் தெரிந்தது. முதல் மழை பெய்த மறுநாள் வேலை முடிந்து வந்தால், ஃப்ரிட்ஜ் கதவில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய இருமல் மருந்து பாட்டில். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ. தூக்கிப் பார்த்தேன். அடியில் வண்டல். வண்டலுக்கு மேல் சுருண்டு மிதந்தபடி ஒரு முடி.

"ஏட்டி, என்னது இது?"

உயரமாகிற மருந்தாம். வகுப்பில் வரிசையில் நிற்கும்போது அவள்தான் எப்போதும் முதல் ஆள். 'சோட்டி', சின்னவள், என்று கூப்பிடுகிறார்களாம். டோல்கீன் கதையில் மரத்தாடி என்ற நடக்கும் மரம் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு குள்ளர்கள் தங்கள் இனத்திலேயே உயரமாகிவிட்டதைப் படித்துக் காட்டியது நான்தானே. கோகம் சர்பத், அரை ஸ்பூன் சுக்குத்தூள், ஜன்னல் கம்பியில் பிடித்த மழைத் தண்ணீர். மரத்துத் தண்ணீர் கிடைக்காததால் துளசித் தொட்டியிலிருந்து கொஞ்சம். முடி?

"மூணாம் மாடி தாதாவோடது. ஹெல்மெட்ல இருந்து எடுத்தேன். மனுஷ முடிதான், செக் பண்ணிட்டேன்."

தாதா என்றால் மராத்தியில் அண்ணன். அந்தப் பையன் ஆறடி இருப்பான். தேர்வு சரிதான்.

குடித்தாயா என்று கேட்டேன். இல்லையாம். நான் பாஸ் போட்ட பிறகுதான் குடிப்பாளாம். இதைக் கேட்டதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மேசையில் உட்கார வைத்து ஒழுங்காகவே செய்தேன். தோற்றம்: கலங்கல். வண்டல்: உண்டு. அந்நியப் பொருள்: உண்டு, ஒன்று. முடிவு: நிராகரிக்கப்பட்டது. கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, நீட்டினேன். வாங்கிப் படித்தாள். அழவில்லை. "சரி, கொட்ட வேணாம். கண்ட்ரோல் சாம்பிளா இருக்கட்டும்" என்றாள்.

நிராகரித்த பேட்ச்சுக்கு அப்படி வைக்கத் தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். விதி எனக்குத்தான் தெரியும், ஃப்ரிட்ஜ் அவளுக்கும் சொந்தம். இப்போது அது மேல் தட்டில் ஊறுகாய்க்குப் பின்னால் இருக்கிறது. கோகத்தின் சிவப்பு பழுப்பாக மாறத் தொடங்கிவிட்டது. வாராவாரம் அவள் கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்க, நான் தலைக்கு மேல் பென்சிலால் கோடு போடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கோடு ஒரு நூல் ஏறியிருந்தது. "குடிக்காமலேயே!" என்று குதித்தாள். பென்சிலை நான் எப்படிப் பிடித்தேன் என்று யாரும் விசாரணை வைக்கவில்லை.

நேற்று வாசம் வரத் தொடங்கியது. இதற்கு மேல் வைக்க முடியாது, காலாவதி ஆகிவிட்டது என்றேன். பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டினாள். மருந்தின் பேர், செய்தவர், செய்த தேதி எல்லாம் அவள் கோணல் தமிழில் சரியாகவே இருந்தன. காலாவதி என்ற இடத்தில் 'நான் பத்தாவது போற வரைக்கும்' என்று எழுதியிருந்தது.